மோன்ஸாவின் சிவப்புக் காய்ச்சல்

காய்ச்சலில் பல வகை உண்டு. மலேரியாவுக்குக் கொய்னா இருக்கிறது. டைபாய்டுக்கும் நல்ல மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் இத்தாலி தேசத்தில் செப்டம்பர் மாதம் பிறந்ததும் தலைகாட்டும் ஒரு காய்ச்சலுக்கு இதுவரை எந்த வைத்தியரும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. அந்தக் காய்ச்சல் கண்டவர்களை இத்தாலியர் 'திபோஸி' என்று அழைக்கிறார்கள். 'திபோ' என்பது அவர்கள் பாஷையில் டைபஸ் என்னும் விஷ ஜுரத்துக்குப் பெயர். அதிலிருந்து பிறந்த சொல்தான் இது. விளையாட்டுப் பித்துக் கொண்ட எல்லோருக்கும் அந்தப் பெயர் பொது என்றாலும், மோட்டார்ப் பந்தய உலகத்தில் திபோஸி என்றால் பெராரி என்னும் சிவப்பு மோட்டாரின் பக்தர்களையே குறிக்கும். அவர்களுடைய திருத்தலம் மோன்ஸா.

மிலான் நகரத்தில் ரயிலேறினால் அரை மணிக்குள் மோன்ஸாவில் இறங்கிவிடலாம். இந்த ரயில் பாதையே ஒரு பழம் பொருள்தான். 1840-ம் வருஷத்தில் போடப்பட்டது. இத்தாலியில் நேபிள்ஸ் நகரத்துக்கு அடுத்தபடி ரயில் ஓடியது இங்கேதான். ஊரும் பழைய ஊர். இங்குள்ள தேவாலயத்தில் லொம்பார்டி நாட்டின் புகழ்பெற்ற இரும்புக் கிரீடத்தை வைத்துக் காப்பாற்றுகிறார்கள். பொன்னும் மணியும் இழைத்த அந்தக் கிரீடத்தின் உள்ளே ஓர் உலோக வளையம் இருக்கிறது. ஏசுநாதரைச் சிலுவையில் அறைந்த ஆணியிலிருந்து அது செய்யப்பட்டது என்பது ஐதிகம். 1805-ல் நெப்போலியன் மிலானில் முடிசூடிக்கொண்டபோது தலையில் வைத்துக்கொண்டது இதைத்தான்.

ஊரை அடுத்தாற்போல் அரண்மனையும், மதில் சூழ்ந்த பெரிய வனமும் இருக்கின்றன. வனத்தின் பரப்பு ஏறக்குறைய 1,700 ஏக்கர். ஐரோப்பாவிலே மதிலுக்குள் அடங்கிய பூங்காவனங்களில் இவ்வளவு பெரியவை மிகச் சில. ஆஸ்திரியர்கள் அரண்மனையைக் கட்டினார்கள். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் வனம் உண்டாயிற்று. பிறகு இத்தாலிய அரசர்களுக்குச் சொந்தமாயிற்று. 1900-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி உம்பர்ட்டோ அரசர் இந்த ஊரில்தான் சுடப்பட்டு மாண்டார். ஆஸ்திரியர், பிரெஞ்சுக்காரர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் ஆண்டு, கடைசியில் சொந்தக் கொடி பறக்கக் கண்ட பூமி இது. நம்மவர்களுக்கு அந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது அல்லவா?

இந்த வனத்தின் வடபாகத்தில் 1922-ம் வருஷத்தில் ஒரு மோட்டார்ப் பந்தயப் பாதையை அமைத்தார்கள். 3,500 தொழிலாளர்கள் வேலை செய்து 110 நாட்களில் முடித்தார்கள் என்றால் அவர்களுடைய வேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓட்டுவதற்கென்றே கட்டிய பெரிய பாதைகளில் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸுக்கும் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸுக்கும் அடுத்தது இதுதான். அந்த வருஷம் செப்டம்பரில் இங்கே நடந்த முதல் பெரும் பந்தயத்தில் பியட் மோட்டாரை ஓட்டிய போர்தினோ என்னும் இத்தாலியர் ஜயித்தார்.

நாம் போனது பந்தயம் இல்லாத நாளில். மரங்களுக்கு நடுவே நடந்து போகையில் திடீரென்று ஒரு சாம்பல் நிறச் சுவர் எழுந்து நிற்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் அது சுவர் அல்ல, சாலை! 1955-ல் கான்க்ரீட்டில் கட்டிய சரிவுப் பாதை அது. மேல் விளிம்பில் காலை ஊன்றி நிற்பதற்குக்கூட முடியாது. அவ்வளவு செங்குத்து. இந்தச் சரிவிலே மோட்டார்கள் சாய்ந்தபடி பறந்திருக்கின்றன என்பதை எண்ணும்போதே நமக்குத் தலை சுற்றியது.

அந்தச் சரிவுப் பாதையை உலகப் பட்டப் பந்தயத்துக்குக் கடைசியாக உபயோகித்தது 1961-ம் வருஷம். அன்று செப்டம்பர் 10-ந் தேதி. பெராரியின் இரண்டு காரோட்டிகள், ஜெர்மானியரான வான் டிரிப்ஸும் அமெரிக்கரான பில் ஹில்லும், ஒருவரையொருவர் எதிர்த்து உலகப் பட்டத்துக்குப் போட்டியிட்டார்கள். இரண்டாவது சுற்றில் வான் டிரிப்ஸின் மோட்டார் மற்றொன்றோடு உராய்ந்து கரையேறி ஜனங்கள் மீது பாய்ந்தது. அவரும் வேடிக்கை பார்க்க வந்த பதினைந்து பேரும் மாண்டார்கள். பந்தயத்தை நிறுத்தவில்லை. ஹில் ஜயித்துப் பட்டமும் பெற்றார். 1928-லும் இதே மைதானத்தில் ஒரு மோட்டார் கூட்டத்தில் புகுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பலி கொண்டிருக்கிறது. இப்படியெல்லாம் நடந்தும் கூட்டம் குறையவில்லை. காய்ச்சல் என்று பெயர் வைத்தவன் தெரிந்துதான் வைத்தான்.

*

சிவப்பு என்பது பழைய நாளில் இத்தாலிக்கென்று ஒதுக்கிய பந்தய வர்ணம். இங்கிலாந்துக்குப் பச்சை, பிரான்ஸுக்கு நீலம், ஜெர்மனிக்கு வெண்மை. காலப்போக்கில் சிகரெட், பெட்ரோல் கம்பெனிகளின் விளம்பரங்கள் வந்து மற்ற தேசத்து வர்ணங்களை அழித்துவிட்டன. பெராரி மட்டும் சிவப்பை விடவில்லை. அதனால் அந்த மோட்டாரே இத்தாலியரின் தேசக் கொடிபோல் ஆகிவிட்டது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. மோட்டார்தான் இத்தாலிய மோட்டாரே தவிர, அதை ஓட்டுகிறவர் பெரும்பாலும் வேற்று நாட்டார். 1952, 1953 ஆகிய இரண்டு வருஷங்களிலும் பெராரியை ஓட்டி உலகப் பட்டம் பெற்ற ஆல்பர்ட்டோ அஸ்காரிக்குப் பிறகு ஐம்பது வருஷம் கழிந்தும் வேறோர் இத்தாலியர் அந்தப் பட்டத்தை அடையவில்லை. தேரை இழுப்பது யாராயிருந்தால் என்ன, சுவாமி நம்முடையவர் என்பது திபோஸியின் சித்தாந்தம்.

இந்தச் சித்தாந்தம் கடும் சோதனைக்கு உள்ளானது 1976-ம் வருஷத்தில். அந்த ஒரு வருஷத்துப் பந்தயக் கதையை மோன்ஸாவில் கிழவர்கள் இன்னும் பாரதக் கதைபோல் சொல்கிறார்கள்.

ஒரு பக்கம் நிக்கி லாடா. ஆஸ்திரியர். முன் வருஷம் இதே மோன்ஸாவில் உலகப் பட்டத்தை உறுதி செய்துகொண்டு, பதினொரு வருஷமாகப் பட்டம் காணாத பெராரிக்கு உயிர் கொடுத்தவர். சிக்கனமான பேச்சு; கணக்குப் பிள்ளையைப் போன்ற நிதானம். மறு பக்கம் ஜேம்ஸ் ஹண்ட். ஆங்கிலேயர். மக்லாரன் மோட்டாரை ஓட்டியவர். நெட்டையான உருவம், நீண்ட பொன்னிறத் தலைமயிர், கேளிக்கைப் பிரியர். இருவரும் இளமையிலிருந்தே பழகிய சிநேகிதர்கள் என்பதை மட்டும் ஜனங்கள் மறந்துபோனார்கள்.

வருஷ ஆரம்பத்தில் லாடா வெற்றி மேல் வெற்றியாகக் குவித்தார். ஸ்பெயினில் ஹண்ட் முதலாவதாக வந்தார். அளந்து பார்த்ததில் அவருடைய மோட்டார் சட்டத்துக்கு மேல் ஒன்றே முக்கால் சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான அகலம் இருந்தது. வெற்றியைப் பறித்தார்கள், அப்பீலில் திருப்பிக் கொடுத்தார்கள். இங்கிலாந்திலும் ஹண்ட் ஜயித்தார். அந்த வெற்றியைப் பெராரிக்காரர்கள் வழக்காடிப் பின்னால் பறித்தார்கள். பந்தயம் பாதையில் பாதி, நியாய ஸ்தலத்தில் பாதியாக நடந்தது. இரு நாட்டுப் பத்திரிகைகளும் எண்ணெய் வார்த்தன.

ஆகஸ்டு முதல் தேதி ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் என்னும் மலைப்பாதையில் லாடாவின் மோட்டார் மோதித் தீப்பிடித்தது. உடன் ஓட்டிய காரோட்டிகள் நால்வர் தங்கள் வண்டிகளை நிறுத்தி, நெருப்புக்குள் கையை விட்டு அவரை இழுத்தெடுத்தார்கள். முகமும் தலையும் வெந்து, வலது காதில் ஒரு பகுதி போய், விஷப் புகையினால் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். பாதிரியார் வந்து அந்திமச் சடங்கையும் செய்து முடித்தார்.

நாற்பத்திரண்டாம் நாள், செப்டம்பர் 12-ந் தேதி, லாடா மோன்ஸாவில் மோட்டாரில் ஏறி உட்கார்ந்தார்!

பெராரி அதிபர் வேறொரு காரோட்டியை அமர்த்தியிருந்தார். லாடா திரும்பி வருவாரென்று எவரும் எதிர்பார்க்கவில்லை. தலையில் ஆறாத ரணம். கட்டுத் துணியில் இரத்தம் கசிந்தது. முதல் நாள் பயிற்சியில் பயத்தினால் உடம்பே விறைத்துப் போயிற்று என்று அவரே பிற்காலத்தில் எழுதினார். ஆனாலும் தகுதிச் சுற்றில் மூன்று பெராரி மோட்டார்களில் அதிக வேகமாக ஓட்டியது அவர்தான். ஹண்டுக்கோ அன்று எல்லாம் எதிர்ப்பட்டது. அவருடைய பெட்ரோலில் குற்றம் கண்டு அவரைக் கடைசி வரிசைக்குத் தள்ளினார்கள். சில சுற்றுகளில் பாதையை விட்டு விலகி அவர் வெளியேறியபோது ஜனங்கள் கூவி ஏளனம் செய்தார்கள். ஸ்வீடன் தேசத்து ரோனி பீட்டர்ஸன் முதலாவதாக வந்தார். லாடா நான்காவதாக வந்து மூன்று புள்ளிகள் பெற்றார். முதலாவதாக வந்தவரை விட்டுவிட்டு நான்காவதாக வந்தவரைக் கூட்டம் கொண்டாடியது என்றால், அன்று மோன்ஸாவில் எது வெற்றி என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

*

கதை இத்துடன் முடிந்திருந்தால் மங்களம் பாடிவிடலாம். அக்டோபர் 24-ந் தேதி ஜப்பானில், பூஜி மலையடிவாரத்தில், கடைசிப் பந்தயம். லாடாவுக்கு 68 புள்ளிகள், ஹண்டுக்கு 65. மழை கொட்டியது, மூடுபனியில் முன்னே போகும் வண்டி தெரியவில்லை. இரண்டு சுற்று ஓட்டியபின் லாடா மோட்டாரை நிறுத்தி இறங்கிவிட்டார். எஞ்சின் கெட்டுவிட்டதாகச் சொல்லிவிடலாம் என்று பெராரியின் எஞ்சினீயர் யோசனை சொன்னார். லாடா ஒப்பவில்லை. "இந்த மழையில் ஓட்டுவது பைத்தியக்காரத்தனம்" என்பதே அவருடைய காரணம். அதையே பகிரங்கமாகவும் சொன்னார். ஹண்ட் மூன்றாவதாக வந்து 69 புள்ளிகளுடன் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் உலகப் பட்டத்தைப் பெற்றார்.

ஆறு வாரத்துக்கு முன் மாவீரன் என்று கொண்டாடிய இத்தாலியப் பத்திரிகைகளில் சில இப்போது லாடாவைக் கோழை என்றன. இரத்தம் கசிய ஓட்டியபோதும் அதே மனிதர். உயிரை மதித்து இறங்கியபோதும் அதே மனிதர். நம் கருத்தில் பூஜியில் அவர் காட்டியதே பெரிய துணிவு. ஏனெனில் மோன்ஸாவில் ஜனங்கள் அவர் பக்கம் இருந்தார்கள். பூஜியில் அவர் தனியாக இருந்தார். மறு வருஷம் மீண்டும் பெராரிக்கு உலகப் பட்டத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு, வருஷம் முடிவதற்குள்ளேயே அந்தக் கம்பெனியை விட்டு விலகினார்.

மோன்ஸா இன்னும் ஒரு அத்தியாயத்தைத் தன்னிடம் வைத்திருந்தது. 1978-ம் வருஷம் செப்டம்பர் 10-ந் தேதி. பந்தயம் தொடங்கிய சில விநாடிகளுக்குள் மோட்டார்கள் ஒன்றோடொன்று மோதின. 1976-ல் இங்கே ஜயித்த அதே பீட்டர்ஸனின் வண்டி தீப்பற்றியது. ஓடிப் போய் அவரை நெருப்பிலிருந்து வெளியே இழுத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? இரண்டு வருஷத்துக்கு முன் இந்த மைதானம் கூவி ஏளனம் செய்த ஜேம்ஸ் ஹண்ட். பீட்டர்ஸனுக்குக் கால்களில் எலும்பு முறிவு. பிழைத்துவிடுவார் என்றே நினைத்தார்கள். மறுநாள் காலையில் மிலான் ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது. மறுபடி நடத்திய பந்தயத்தில் முன்னே வந்த இருவருக்கும் தண்டனை நேரம் சேர்த்ததால், வெற்றி வேறொரு கம்பெனி மோட்டாரை ஓட்டிய லாடாவுக்குக் கிடைத்தது.

அந்த விபத்தில் காயம்பட்டவரிடம் வைத்திய உதவி உடனே போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகுதான், பந்தயத்தின் முதல் சுற்றில் எல்லா மோட்டார்களுக்கும் பின்னால் வைத்தியரை ஏற்றிய வண்டி ஒன்று தொடர்ந்து போவது என்னும் வழக்கம் ஏற்பட்டது. சிட் வாட்கின்ஸ் என்னும் மூளை ரண சிகிச்சை நிபுணர் பிடிவாதமாக நின்று இதைச் சாதித்தார். பிற்காலத்தில் எத்தனையோ காரோட்டிகள் இந்த ஏற்பாட்டினால் உயிர் பிழைத்திருக்கிறார்கள்.

ஹண்ட் 1993-ல் நாற்பத்தைந்து வயதில் மாரடைப்பால் காலமானார். லாடா எழுபது வயது வரை வாழ்ந்து 2019-ல் மறைந்தார். வெந்த காதை மறைக்காமல், சிவப்புக் குல்லாய் ஒன்றைத் தரித்துக்கொண்டு, கடைசி வரை பந்தய மைதானங்களில் உலாவினார்.

இந்தக் காய்ச்சல் நமது நாட்டுக்கும் புதிதல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் யுத்த காலத்து விமானத் தளத்தில் பல்லாண்டு மோட்டார்ப் பந்தயம் நடந்தது. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே பாதை இருக்கிறது. கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005-ல் உலகப் பட்டப் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்கொளியில் தெருப் பந்தயமே நடந்தது. நம் பிள்ளைகள் மோட்டாரின் பெயரையும் வேகத்தையும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும். உற்சாகம் இல்லாத தேசம் முன்னுக்கு வராது.

ஆனால் அவர்களுக்கு 1976-ம் வருஷக் கதையையும் சொல்ல வேண்டும். வேகத்துக்குக் கைதட்டுவதைப் போலவே, வண்டியை நிறுத்தி இறங்கி எரிகிற மோட்டாருக்குள் கைவிட்ட நால்வருக்கும் கைதட்டத் தெரிய வேண்டும். பந்தயம் தொடங்கும்போது எல்லோர் கண்ணும் முதல் வண்டியின் மேல் இருக்கும். கடைசியில் பரிசுக்கு ஆசைப்படாமல் போகிறதே, அந்த வைத்தியர் வண்டி, அதன் மேலும் ஒரு கண் இருக்கட்டும்.