காலப் பயணமும் வாசிப்புக் குறிப்பேடும்

டிசம்பர் இறுதியில் வாசிப்புப் பட்டியல்கள் வெளிவருவது இப்போது வழக்கமாகிவிட்டது. படித்த நூல்களின் எண்ணிக்கை முதலில் நிற்கும்; அதன்கீழ் அட்டைப் படங்கள்; இறுதியில் அடுத்த ஆண்டுக்கான இலக்கு. ஆய்வுலகில் இந்த எண்ணுக்குத் தனியொரு கவர்ச்சி உண்டு. வெளியிட்ட கட்டுரைகளையும் பெற்ற மேற்கோள்களையும் எண்ணியே மதிப்பிடப்படுகிற ஒருவருக்கு, விரும்பிப் படித்தவற்றையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் தானாகவே வந்துவிடுகிறது.

ஆனால் வாசிப்புக் குறிப்பேட்டின் பயன் எண்ணிக்கையில் இல்லை. சார்லஸ் டார்வின் 1838 முதல் 1860 வரை தம் வாசிப்பைக் குறித்துவந்தார். படிக்க வேண்டியவை ஒரு பட்டியல், படித்து முடித்தவை இன்னொரு பட்டியல். 1838 அக்டோபரில் மக்கள்தொகை குறித்து மால்தஸ் எழுதிய நூலைப் படித்ததும் அதில் பதிவாகியுள்ளது. அந்த வாசிப்பிலிருந்து எது முளைக்கும் என்பதை அந்தப் பதிவு சொல்லவில்லை, சொல்லவும் இயலாது. 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது 1859இல். இடைப்பட்ட 21 ஆண்டுகளை அறிந்து பின்னாளில் புரட்டுகிறவருக்கே அந்தப் பதிவின் எடை விளங்குகிறது. அவ்வகையில் தேதியிட்ட குறிப்பேடு எதுவும் எளியதொரு காலப் பயணக் கருவிதான்.

ஐதராபாத்தில் சமூகவியலில் ஆய்வு செய்யும் மாணவி ஒருவரின் இவ்வாண்டுக் குறிப்பேட்டில் 38 நூல்கள் உள்ளன. அவற்றுள் நான்கு, காலப் பயண நாவல்கள். தலைப்பு, ஆசிரியர், தொடங்கிய நாள், முடித்த நாள் என நான்கு பத்திகளோடு தொடங்கிய அந்த ஏட்டில், ஆண்டின் நடுவே ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்ந்தது. அதன் தலைப்பு ஒரு கேள்வி: 'நாவல் செல்லும் காலத்தில் இறங்கினால், இந்த வாசகியால் படிக்க முடியுமா?'

முதலிரு நாவல்களைப் படித்தபோது இக்கேள்வி எழவில்லை. மார்க் ட்வைன் 1889இல் வெளியிட்ட நாவலில், கனெக்டிகட் மாநிலத்தின் ஆயுதத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்த ஹாங்க் மார்கன், தலையில் விழுந்த அடியால் மயங்கி, ஆறாம் நூற்றாண்டில் ஆர்தர் மன்னனின் நாட்டில் கண்விழிக்கிறான். எரித்துக் கொல்லப்படவிருந்தவனை அவனுடைய அறிவே காக்கிறது. சூரிய கிரகணம் நிகழும் நாளை முன்பே அறிந்திருந்ததால் மன்னனை அச்சுறுத்தி அதிகாரத்துக்கு வருகிறான். பள்ளி, தந்தி, செய்தித்தாள் ஆகியவற்றைக் கொண்டுவருகிறான். அதே அறிவு இறுதியில் மின்கம்பி வேலியாகவும் எந்திரத் துப்பாக்கியாகவும் மாறி ஆயிரக்கணக்கான வீரர்களைக் கொன்று குவிக்கிறது. முன்னேற்றத்தின் மீது ட்வைனுக்கு இருந்த ஐயம் கூர்மையானது. ஆயினும் அங்கும் அறிவு என்பது அதிகாரமே.

எச்.ஜி. வெல்ஸின் 'கால எந்திரம்' 1895இல் வந்தது. பெயரில்லாத பயணி கி.பி. 802701ஆம் ஆண்டில் பச்சைப் பீங்கான் மாளிகை என்ற பாழடைந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைகிறார். நூல்கள் மட்கி உதிர்ந்து கிடக்கின்றன. மனித முயற்சி முழுவதும் வீணானதை எண்ணி வருந்துகிறவர், தாம் ஒளியியலில் எழுதிய 17 ஆய்வுக் கட்டுரைகளையே முதன்மையாக நினைத்துக்கொள்கிறார். எட்டு லட்சம் ஆண்டுகளைக் கடந்து சென்றும் தம் வெளியீட்டுப் பட்டியலை மறக்க முடியாத அந்த அறிஞரைப் பார்த்துச் சிரிக்காத ஆய்வாளர் இருக்க முடியாது. அச்சிரிப்பு நெடுநேரம் நீடிப்பதும் இல்லை.

மூன்றாவது நாவல் ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரெட்' (1979). ஐந்தாம் பத்தி பிறந்தது இதன் பிறகுதான். 1976ஆம் ஆண்டின் கலிஃபோர்னியாவில் வாழும் டேனா என்ற கறுப்பின எழுத்தாளர், தம் விருப்பமின்றியே, அடிமை முறை நிலவிய பத்தொன்பதாம் நூற்றாண்டு மேரிலாந்துக்கு மீண்டும் மீண்டும் இழுக்கப்படுகிறார். இதில் எந்திரம் இல்லை, விளக்கமும் இல்லை. ரூஃபஸ் என்ற வெள்ளையினத்தவனின் உயிருக்கு ஆபத்து நேரும்போதெல்லாம் டேனா அங்கே சென்று அவனைக் காக்க வேண்டும். ஏனெனில் அவன் அவருடைய மூதாதை. தம் குலம் தோன்றும்வரை, அடிமைகளை உடைமையாகக் கொண்டவனை உயிரோடு வைத்திருக்க வேண்டிய நிலை.

ஹாங்க் மார்கனின் அறிவு அவனை அமைச்சனாக்கியது. டேனாவின் அறிவோ அவருக்குச் சாட்டையடியைப் பெற்றுத் தருகிறது. அடிமைச் சிறுவனுக்கு எழுத்துக் கற்பிக்கும்போது பிடிபடுகிறார், தண்டிக்கப்படுகிறார். தம் காலத்திலிருந்து அவர் கொண்டுசென்ற அடிமை முறை பற்றிய வரலாற்று நூலை, ரூஃபஸின் கட்டாயத்தால் தம் கையாலேயே நெருப்பில் இடுகிறார். கடைசிப் பயணத்தில் ஓர் ஆண்டு எண்ணோ ஒரு பாடமோ மட்டும் அவரோடு திரும்பவில்லை. அவருடைய இடக்கை திரும்பாமலே போகிறது.

காலப் பயணம் யாருக்கு உல்லாசம், யாருக்குத் தண்டனை என்ற வினா இங்கே தெளிவாக வடிவெடுக்கிறது. கடந்த காலத்தின் எந்தப் பகுதியிலும் இறங்கி உலாவலாம் என்ற கற்பனை, எல்லாக் காலத்திலும் தனக்கு ஓர் இடம் இருந்தது என்று நம்பக்கூடியவருக்கே வாய்க்கும். அந்த ஆய்வு மாணவி மேரிலாந்துவரை போக வேண்டியதில்லை. 1901ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட எழுத்தறிவு இல்லை. 1848இல் புணேயில் பெண்களுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கிய சாவித்திரிபாய் புலே, தெருவில் சேற்றையும் சாணத்தையும் எதிர்கொண்டார். அவ்வளவு தொலைவுகூட வேண்டாம்: அவருடைய பாட்டி இறுதிவரை கைநாட்டு வைத்தவர். இரண்டே தலைமுறை பின்னால் இறங்கினால் அந்தக் குறிப்பேடே இல்லை. ஐந்தாம் பத்தியில் 'முடியாது' என்ற சொல் அடுத்தடுத்து விழுந்ததில் வியப்பில்லை.

பின்னோக்கிச் செல்ல வழியற்றவர்கள் கற்பனையில் வேறு திசைகளைத் தேடியிருக்கிறார்கள். இரவில் அண்ணனிடம் ஆங்கிலம் கற்ற வங்கத்து ரொக்கேயா, 'சுல்தானாவின் கனவு' என்ற கதையை 1905இல் சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் வெளியிட்டார். அதில் ஆண்கள் வீட்டுக்குள் அடங்கியிருக்க, பெண்கள் பல்கலைக்கழகங்களை நடத்துகிறார்கள். சூரிய வெப்பத்தைச் சேகரித்துப் பயன்படுத்துகிறார்கள். பொற்காலம் ஒன்று பின்னால் இருந்ததாக அக்கதை பாவனை செய்யவில்லை.

அப்படியானால் கடந்த காலத்தை அப்படியே விட்டுவிடுவதா? ஆய்வாளருக்கு அது இயலாது. நான்காவது நாவலான கானி வில்லிஸின் 'டூம்ஸ்டே புக்' (1992) இவ்விடத்தில்தான் பொருள் பெறுகிறது. 2054ஆம் ஆண்டின் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து கிவ்ரின் என்ற வரலாற்று மாணவி 1320ஆம் ஆண்டுக்கு அனுப்பப்படுகிறார். ஆனால் கொள்ளைநோய் இங்கிலாந்தை எட்டிய 1348இல் போய் விழுகிறார். அவருடைய மணிக்கட்டில் ஒலிப்பதிவுக் கருவி பொருத்தப்பட்டுள்ளது. கைகளைக் குவித்து வழிபடுவதுபோல் நின்று அவர் களக்குறிப்புகளைச் சொல்லலாம். தொடக்கத்தில் அவை உணவு, உடை, பேச்சுவழக்கு பற்றிய தரவுகள். ஊரார் ஒவ்வொருவராகச் சாகும்போது, அவர்களுக்குப் பணிவிடை செய்துகொண்டே அவர் பதிவுசெய்வது இறந்தவர்களின் பெயர்களை. தரவு சாட்சியமாக மாறுகிறது. யாரையும் காப்பாற்ற முடியாத இடத்திலும், அவர்கள் இருந்தார்கள் என்று சொல்ல ஒருவர் இருக்கிறார்.

ஆவணக் காப்பகத்தில் அமர்ந்திருக்கும் எந்த ஆய்வாளரும் கிவ்ரினின் நிலையிலிருந்து வெகுதொலைவில் இல்லை. பழைய பத்திரங்களில் காணும் கைநாட்டு ஒவ்வொன்றும், படிக்க விடப்படாத ஒருவர் அந்த மேசைமுன் நின்றதற்கான சான்று. அதைத் தரவாக எண்ணலாம், எண்ணத்தான் வேண்டும். எண்ணிய பின்னும் அங்கே ஒரு விரல் மிஞ்சுகிறது.

ஆண்டுக் கடைசியில் அந்த மாணவி வெளியிட்ட பட்டியலில் மொத்த எண்ணிக்கை இடம்பெறவில்லை. நண்பர்கள் கேட்டபோது சொன்னார், மறைக்க ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டுக்கான ஏட்டில் ஐந்தாம் பத்தி நீடிக்கிறது. கேள்வி மட்டும் சற்று மாறியுள்ளது: 'இந்த நூலைப் படிக்க யாருக்கெல்லாம் வாய்க்கவில்லை?' முதல் வரியில் நூலின் பெயர் இன்னும் எழுதப்படவில்லை. ஐந்தாம் பத்தியில் பாட்டியின் பெயர் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது.