மெயில்ல புதைஞ்சு கிடந்த ஒரு ஊசியோட பேரு

மெயிலைக் கறுப்புத் திரையில கமாண்டு அடிச்சுத் தேடறது பத்தி ஒரு நீண்ட இழை. டாக்டருக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேட்டவங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதறேன். பொறுமையாப் படிங்க, கடைசியில உங்களுக்கும் ஒரு வேலை வச்சிருக்கேன்.

நான் இருக்கறது திருப்பனந்தாள். கும்பகோணத்துலேர்ந்து அணைக்கரை போற வழி. இங்க வர்ற வயசானவங்க பலருக்குப் பிள்ளைங்க சிங்கப்பூர்லயோ துபாய்லயோ இருப்பாங்க. அப்பா அம்மாவோட டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் அங்கேர்ந்துதான் எனக்கு வரும். வாட்ஸ்அப்ல வந்தா போன் மாத்தும்போது காணாமப் போயிடுது. அதனால மெயில்ல அனுப்பச் சொல்லிடுவேன். ஆக, ஒரு நோயாளியோட பழைய கதை பல நேரம் என் மெயில் பெட்டியிலதான் இருக்கும்.

ஒரு அம்மா வந்தாங்க. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தித்தான் சொல்றேன்.) கால்ல புண்ணு, சீழ் பிடிச்சு நல்ல காய்ச்சல், சர்க்கரை வேற. ஊசி போட்டே ஆகணும். "எனக்கு ஒரு ஊசி ஒத்துக்காது டாக்டர் தம்பி, பேருதான் வாயில வரல"ங்கறாங்க. பென்சிலினான்னு கேட்டா, "இருக்கும்"ங்கறாங்க. வேற பேர் சொன்னா அதுக்கும் "இருக்கும்".

மகன் கப்பல்ல வேலை பார்க்கறவர், போன் எடுக்கல. சில வருஷம் முன்னாடி அவர் ஏதோ எழுதி அனுப்பினது எனக்கு லேசா ஞாபகம். போன்ல மெயில் ஆப்பைத் திறந்தா சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கு. பழைய மெயிலையெல்லாம் ஆப் போன்லயே வச்சிருக்காது, சர்வரைக் கேட்டுத்தான் தேடும். சிக்னல் இல்லைன்னா அவ்வளவுதான்.

லேப்டாப்ல ஒரே வரி. நாட்மச் சர்ச், ஃப்ரம் போட்டு மகனோட முகவரி, பக்கத்துல 'ஊசி*'. நெட் இல்லாமலே ரெண்டு மெயில் வந்து நின்னுச்சு. ரெண்டாவதுல எழுதியிருக்கார்: செஃப்ட்ரையாக்சோன் ஊசி போட்டதும் அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு முட்டி, ஐசியூல வச்சாங்கன்னு. இந்த மாதிரிப் புண்ணுக்கு ரொம்பப் பேர் முதல்ல கையில எடுக்கற மருந்துகள்ல அதுவும் ஒண்ணு. அந்த வகை மருந்து பக்கமே போகாம வேற மருந்து போட்டோம்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கலாம். நாட்மச் ஒரு இலவச மென்பொருள். 2009ல கார்ல் வொர்த் ஆரம்பிச்சது. அது மெயிலை இறக்காது, அனுப்பாது. இறக்கறதுக்கு எம்பிசிங்க் மாதிரி வேற ஒண்ணு வேணும் (சர்வர்லேர்ந்து இழுக்க மட்டும் செட் பண்ணிக்கோங்க, இங்க அழிச்சா அங்கயும் அழியற மாதிரி வைக்காதீங்க). ஒவ்வொரு மெயிலும் ஒரு தனி ஃபைலா டிஸ்க்ல உட்காரும். 'நாட்மச் நியூ'ன்னு அடிச்சா புது மெயில்களைப் படிச்சு, எந்தச் சொல் எந்த மெயில்ல இருக்குன்னு சொல்லடைவு போட்டு வச்சுக்கும். உ.வே.சா. பதிப்புகளுக்குப் பின்னாடி அரும்பத அகராதி இருக்குமே, கிட்டத்தட்ட அந்த வேலை. அடைவு போடற எஞ்சின் பேரு ஸாபியன்.

கிரெப் தெரிஞ்சவங்க கேப்பாங்க, ஃபைலாத்தானே இருக்கு, நேரா கிரெப் பண்ணக் கூடாதான்னு. தமிழுக்கு அது பெரும்பாலும் ஆகாது. தமிழ் மெயில் வழியில வரும்போது பேஸ்64 மாதிரி ஏதோ ஒரு மூட்டைக்குள்ள கட்டித்தான் வரும். ஃபைலைத் திறந்து பார்த்தா ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த குப்பை மாதிரி தெரியும். நாட்மச் மூட்டையைப் பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் அடைவு போடுது.

இனிமேதான் விஷயமே. அதுக்கு இங்கிலீஷ் இலக்கணம் கொஞ்சம் தெரியும், தமிழ் தெரியாது. 'காய்ச்சல்'னு தேடினா 'காய்ச்சலுக்கு', 'காய்ச்சலா இருக்கு' எதுவும் வராது. சரி, நட்சத்திரம் போட்டு 'காய்ச்சல்*'னு அடிச்சா? அப்பவும் வராது! ஏன்னா கம்ப்யூட்டருக்குள்ள 'ல்' ரெண்டு துண்டு: ல ஒண்ணு, புள்ளி ஒண்ணு. 'லு'வுல புள்ளி இருந்த இடத்துல உகரக்குறி வந்துடுது. அதனால புள்ளியை எடுத்துட்டு 'காய்ச்சல*'னு தேடணும். அப்ப காய்ச்சல், காய்ச்சலை, காய்ச்சலுக்கு எல்லாம் வரிசையா வரும்.

எங்க ஊர் பேர்லயே பனை இருக்கு, கோயிலோட தல விருட்சமும் பனைதான். பனையோலையில எழுதினவங்க பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டாங்க, படிக்கறவங்க இடம் பார்த்துப் புரிஞ்சுக்கணும். தேடற பெட்டியில நான் இப்ப ஓலைக்காரங்க மாதிரிதான் எழுதறேன்.

இன்னொரு சிக்கல், நட்சத்திரத்தைச் சொல்லுக்குப் பின்னாடிதான் போட முடியும். 'காய்ச்சல*'னு தேடினா 'எலிக்காய்ச்சல்' வராது. சேத்துல இறங்கி நடவு நடறவங்க இருக்கற ஊர்ல எலிக்காய்ச்சலைத் தவறவிட்டா அது சின்ன விஷயம் இல்ல. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வந்த பழைய கேஸ்களைப் பார்க்கணும்னா தேதி வரம்பு கொடுத்து, 'எலிக்காய்ச்சல*' தனியா, ஆங்கிலத்துல லெப்டோ* தனியா, நடுவுல ஆர் போட்டுத் தேடுவேன். பேரும் அப்படித்தான். தஞ்சாவூர்ப் பக்கம் லட்சுமி பாதி நேரம் லெட்சுமி ஆயிடுவாங்க, ஆங்கிலத்துல கேக்கவே வேணாம். ரெண்டையும் போடணும். யூனிகோடுக்கு முந்தின டிஸ்கி, டாப் எழுத்துருவுல வந்த மெயிலெல்லாம் தனிக் கதை. மாத்தி எடுத்தாத்தான் உண்டு.

பாதுகாப்பு பத்தி ஒண்ணு. மெயில் மட்டும் இல்ல, அந்த அடைவும் நோயாளிகளோட ரகசியம்தான். முழு டிஸ்க்கையும் என்கிரிப்ட் பண்ணாத லேப்டாப்ல இதைச் செய்யாதீங்க. டாக்டர் நண்பர்களுக்கு: உள்நோயாளி பதிவுகளை 3 வருஷம் வைக்கணும், கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும்னு 2002 நெறிமுறை விதிகள் சொல்லுது. மெயில் பெட்டி அந்தப் பதிவுக்கு மாற்று இல்ல.

இப்ப உங்க வேலை. பிடிஎஃப், போட்டோ எதுக்குள்ளயும் இந்தத் தேடல் நுழையாது, இணைப்போட ஃபைல் பேரை மட்டும்தான் பார்க்கும். அந்த அம்மாவோட மகன் வெறும் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தா அன்னிக்கு எனக்கு ஒண்ணும் கிடைச்சிருக்காது. அவர் நாலு வரி டைப் பண்ணியிருந்தார். அதனால உங்க டாக்டருக்கு ரிப்போர்ட் அனுப்பும்போது நோயாளி பேரு, வயசு, போன் நம்பர், ஒத்துக்காத மருந்தோட பேரு, இதை மெயிலுக்குள்ளயே எழுதுங்க. மருந்துப் பேரை அட்டையைப் பார்த்து எழுத்துக்கூட்டி, தமிழ்லயும் ஆங்கிலத்துலயும்.