கொளத்தூர் கலர் மீன்கள்

சென்னை கொளத்தூரில் கலர் மீன் கடைகள் வரிசைகட்டி நிற்கின்றன. மொட்டைமாடியில்கூட தொட்டி கட்டி மீன் வளர்க்கிற ஊர். பிள்ளைகளின் கண் முதலில் போய் நிற்பது நியான் டெட்ராவில்தான். ஒன்றரை அங்குலத்தைத் தாண்டாது. ஆனால் அந்த நீலக்கோடு அப்படி மின்னும்!

‘ரெண்டே ரெண்டு போதும்’ என்று வாங்கிப் போவதில்தான் வினையே. அமேசான் பக்கத்து ஓடைகளில் கூட்டமாகத் திரிகிற இனம் அது. கூட்டம் இல்லாவிட்டால் மிரண்டு, நிறம் வெளுத்து, மூலையில் ஒதுங்கிவிடும், பாவம். குறைந்தது 6 வேண்டும். 10 இருந்தால் அழகு.

வீட்டுக்கு வந்ததும் கவரோடு தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட வேண்டும். பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கவருக்குள் சேர்த்து, வலையால் எடுத்து விடலாம். குளோரின் வாடையடிக்கும் தண்ணீர் ஆகாது. நேற்று நிரப்பிய புதுத் தொட்டியும் ஆகாது.

கண்ணாடிக் கிண்ணமா? அதில் மணிபிளான்ட் வையுங்கள்.