துறைமுகமும் சிறைமுகாமும்

சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையிலிருந்து லாரிகள் செல்லும் வழியே தெற்கே போனால் சென்னைத் துறைமுகம். கொரியப் போரின் கைதிகள் 88 பேர், இரு தரப்பினரிடமும் திரும்ப மறுத்து, 1954 பிப்ரவரியில் கப்பலில் வந்திறங்கிய இடம் இது. இங்கே நிற்கையில், அப்போரில் சிறைப்பட்ட குருவானவர் ஒருவரும் நம் நினைவுக்கு வருகிறார்.

அமெரிக்கப் படையின் ஆன்ம குரு தந்தை எமில் கேபான், 1950 நவம்பரில், தப்பிச் செல்ல வழியிருந்தும் காயமுற்றோருடனேயே தங்கினார். யாலு நதியோர முகாமில், நல்ல கள்வனாகிய புனித திஸ்மாசை வேண்டிக்கொண்டு, பசித்தோருக்காகத் தானியம் திருடினார். நோயுற்றோரின் அழுக்குத் துணிகளைத் துவைத்தார். 1951 மே 23-இல், 35-ஆம் வயதில், அங்கேயே உயிர்நீத்தார். 2021-இல்தான் அவரது உடல் ஊர் திரும்பியது.

அன்பர்களே, நமக்கு அருகில் புழல் சிறை இருக்கிறது. அங்கே அடைபட்டோரைக் காணச் சென்றவர் நம்மில் எத்தனை பேர்?