எதிர்வீட்டுக் கடல்பாசி

நோன்பு மாதம் பிறந்துவிட்டால் சாயங்காலம் எதிர்வீட்டு ராவுத்தரம்மா ஒரு எவர்சில்வர் தட்டை மூடி எடுத்துக்கொண்டு வருவார். உள்ளே ரோஸ் நிறத்தில், பாலில் காய்ச்சி உறையவைத்த கடல்பாசி. விரலால் தொட்டால் நடுங்கும். தொட்டுப் பார்த்ததற்கு அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

அந்த நடுக்கத்தை மறுபடி பார்த்தது கல்லூரியில், நுண்ணுயிரியல் செய்முறை வகுப்பில். ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 நிமிஷம் இருந்து வந்த அகரை, கை பொறுக்கும் சூட்டில் பெட்ரி தட்டுகளில் ஊற்ற வேண்டும். பராக்குப் பார்த்தால் குடுவைக்குள்ளேயே உறைந்துவிடும். 40 டிகிரிக்குக் கீழே போனால் அது யாருக்கும் காத்திருக்காது. உறைந்ததை இளக்கவோ 85 டிகிரி வேண்டும். இந்தப் பிடிவாதம்தான் அதன் பெருமை. ஊற்றி முடித்த தட்டை லேசாகத் தட்டினேன். நடுங்கியது. "இது கடல்பாசிதானே சார்?" என்றேன். "ஆமாம், சாப்பிட்டுவிடாதே" என்றார்.

பூஞ்சைக்கான அகர் இன்னும் அடுப்படிக்குப் பக்கம். தோல் சீவிய உருளைக்கிழங்கு 200 கிராம், வேகவைத்து வடித்த தண்ணீர், 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 15 கிராம் அகர், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர். அன்றைக்கெல்லாம் ஆய்வகத்தில் கிழங்கு வாசனை அடிக்கும், மத்தியானச் சாப்பாட்டு நினைப்பு வந்துவிடும். நாலு நாளில் தட்டு முழுக்கக் கறுப்பு மைத்தூள் தூவினாற்போல ஆஸ்பர்ஜில்லஸ். வீட்டில் ஊறுகாய் ஜாடியில் பூசணம் பிடித்தால் முகம் சுளிப்பவன், இங்கே நீலச்சாயம் விட்டு நுண்ணோக்கியில் குனிந்து, காம்பும் தலையுமாக நிற்கும் அதன் அழகைப் படம் வரைந்துகொண்டிருந்தேன்.

வைரஸ்தான் ஏமாற்றியது. உயிருள்ள செல் இல்லாமல் அது பெருகாது, வெறும் அகரில் என்ன போட்டாலும் சரி. கடைசி வருஷம், நுண்வடிகட்டி வழியே வந்த சாக்கடைத் தண்ணீரை ஈ.கோலை பாக்டீரியாவோடு கலந்து, இளகிய அகரில் சேர்த்துத் தட்டில் பரப்பினோம். மறுநாள் காலை பாக்டீரியாப் படலம் புல்தரை மாதிரி படர்ந்திருந்தது. நடுநடுவே சின்னச் சின்ன வழுக்கைகள். பாக்டீரியாவைத் தின்னும் வைரஸின் வேலை. 1917-இல் பாரிஸில் டி ஹெரேல் இதற்குப் பாக்டீரியோஃபேஜ் என்று பெயர் வைத்தார். வைரஸை அன்றும் நான் பார்க்கவில்லை, அது தின்றுவிட்டுப் போன இடத்தைப் பார்த்தேன். காக்காய் கொத்திய வடகத்தைப் பார்த்துக் காக்காயை ஊகிப்பதுபோல.

பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ் மூன்றுக்கும் மெத்தை போட்டது ஒரு பாசி. பாடப்புத்தகத்தில் பாசிக்குத் தனி அத்தியாயம் இருந்தது, இந்தச் சேதி அதில் இல்லை. அப்புறம்தான் ஃபேன்னி ஹெஸ்ஸேயைப் பற்றிப் படித்தேன். 1881. கணவர் வால்டர், கிருமியியலாளர் கோக்கின் ஆய்வகத்தில் கிருமி வளர்க்கிறார். ஜெலட்டின் கோடையில் உருகி ஓடுகிறது. சில பாக்டீரியா அதையே தின்றும் விடுகிறது. உன் ஜெல்லி மட்டும் எப்படி வெயிலில் நிற்கிறது என்று மனைவியிடம் கேட்கிறார். ஜாவாவில் இருந்து வந்த பழக்கக்காரர்களிடம் ஃபேன்னி கற்ற சமையல் ரகசியம் அது: அகர். 1882-இல் கோக் காசநோய்க் கிருமியை அறிவித்தபோது அகரைச் சொன்னார், ஹெஸ்ஸே குடும்பத்தைச் சொல்லவில்லை. 1887-இல் வந்த தட்டுக்கு மட்டும் பெட்ரியின் பெயர் நிலைத்துவிட்டது. எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

பிறகு ஒருமுறை மண்டபம் கடற்கரைப் பக்கம் போனேன். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியை மூழ்கிப் பறிக்கிற பெண்கள் அங்கே இருக்கிறார்கள். அகர் எடுக்கும் ஜெலிடியெல்லாவை அவர்கள் மரிக்கொழுந்துப் பாசி என்கிறார்கள். எந்த விஞ்ஞானி வைத்த பெயரைவிடவும் நல்ல பெயர். உப்பு வாசனையில் மரிக்கொழுந்தைத் தேடிக்கொண்டு கொஞ்ச நேரம் கரையில் நின்றேன்.

ராவுத்தரம்மா இப்போது இல்லை. போன நோன்பில் ஆசைப்பட்டு நானே கடல்பாசி காய்ச்சினேன். கை பழக்கத்தில் லிட்டருக்கு 15 கிராம் போட்டுவிட்டேன். கெட்டியாக இருந்தது, தொட்டால் அந்த நாள் போல நடுங்கவில்லை. அந்த அம்மாளுக்கு எல்லாம் கண்ணளவுதான்.