பந்து இப்போது எங்கே?

திடலோரம் நிற்பவனுக்குக் கண் இருக்கிறதே, அவனுக்கு எதற்கு வர்ணனை என்று கேட்பவர்கள் கேமரன் மலைக்கு ஒரு மாலை நேரம் வந்து பார்க்க வேண்டும். எங்கள் கியா பார்ம் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் ஆட வருகிற நேரமும் மூடுபனி இறங்குகிற நேரமும் பெரும்பாலும் ஒன்றுதான். முதல் பாதியில் எதிர்க்கோல் தெரியும். இரண்டாம் பாதியில் நடுக்கோட்டுக்கு அப்பால் வெறும் வெள்ளை. அப்போது திடலில் குடையோடு நிற்கும் அப்பாவும், தோட்டத்து வீட்டில் கைப்பேசியைக் காதில் வைத்திருக்கும் பாட்டியும் ஒரே நிலைமைதான். பந்து எங்கே? இருவருக்கும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

என் கருவிகள் எளியவை. இரவல் வாங்கிய குழாய் ஒலிபெருக்கி, ஒரு மைக், நேரலைக்கு ஒரு கைப்பேசி. சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவைத் தாண்டி ஏறினால், 2,000 மீட்டருக்கு மேல், பிரிஞ்சாங் மலை உச்சியில் பெரிய ஒலிபரப்புக் கோபுரம் நிற்கிறது. நம் பையன்களின் ஆட்டம் அதன் அடிவாரத்திலேயே நடக்கிறது. ஆனால் போவதென்னவோ என் கைப்பேசி வழியாகத்தான்.

1927 ஜனவரி 22 அன்று லண்டன் ஹைபரி திடலில் ஆர்சனலும் ஷெஃபீல்டு யுனைடெட்டும் மோதிய ஆட்டத்தை பிபிசி ஒலிபரப்பியது. பிரிட்டனில் வானொலியில் போன முதல் காற்பந்து வர்ணனை அதுதான். டெடி வேக்லம் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே போக, பக்கத்தில் இன்னொருவர் எண்களைச் சொன்னார். திடலை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து ‘ரேடியோ டைம்ஸ்’ இதழ் முன்கூட்டியே படம் போட்டிருந்தது. கேட்பவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எங்களுக்குக் கட்டம் தேவைப்படவில்லை, மலையே பிரித்துக் கொடுத்திருக்கிறது. தோட்டத்துத் திடலில் ஒன்று தேயிலைக் கோல், மற்றது சாலைக் கோல். ஒரு ஓரம் கோயில் ஓரம், எதிரே கடை ஓரம். இடது, வலது என்று நான் சொல்வதே இல்லை. யாருக்கு இடது? பாதி நேரத்துக்குப் பிறகு அதுவும் மாறிவிடும். “கோயில் ஓரம், பாதித் தூரம்” என்றால் பாட்டிக்குத் திடல் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். தானா ராத்தா திடலுக்குப் போனால் இந்தப் பெயர்கள் செல்லாது. ஆட்டத்துக்கு முன் ஒரு சுற்று நடந்து புதிதாகப் பெயர் வைத்துக்கொள்வேன்.

தமிழில் வினை கடைசியில் வருவது காற்பந்துக்குப் பெரிய தொல்லை. “ஏழாம் எண் ஆட்டக்காரர் பந்தைக் கடை ஓரத்திலிருந்து கோலை நோக்கி” என்று ஆரம்பித்து, ‘உதைக்கிறார்’ வந்து சேர்வதற்குள் பந்து கோல்கீப்பர் கையில் இருக்கும். அகில இந்திய வானொலியில் கிரிக்கெட்டைத் தமிழில் சொன்ன அப்துல் ஜப்பாரின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பொறாமைப்பட்டிருக்கிறேன். கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே வாக்கியத்தை அழகாக முடிக்க இடம் உண்டு. காற்பந்து அந்தத் தயவைக் காட்டாது. அதனால் ஓட்டத்தில் பெயரும் இடமும் மட்டும்: “ஏழு... கடை ஓரம்... பத்துக்கு... பெட்டிக்குள்ளே...” வினையெல்லாம் பந்து நின்ற பிறகு. பண்டிதர்கள் யாரும் இதுவரை புகார் செய்யவில்லை. மூடுபனியில் அவர்கள் வருவதில்லை.

பந்து நிற்பதற்கும் இங்கே பஞ்சமில்லை. கேமரன் மலையில் சமதளம் கிடைப்பது அரிது. கிடைத்த இடத்தில் காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரை ஏறிவிடும். தோட்டத்துத் திடல் சரிவை வெட்டி எடுத்தது. கோலுக்கு மேலே பறந்த பந்து தேயிலைச் செடிக்குள் விழுந்து கீழே உருண்டு போகும். ஒரு பையன் இறங்கித் தேடி எடுத்து வரும்வரை நான்தான் பேச வேண்டும். வர்ணனையாளன் வீட்டுப்பாடம் செய்தானா இல்லையா என்பது அந்த இடைவெளியில் தெரிந்துவிடும். கோல்கீப்பர் பையன் நன்றாகப் பிடித்திருந்தால் ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகத்தைச் சொல்வேன். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது கோலைக் காத்தவர். அரசாங்கம் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அணி போகவே இல்லை. 1988-இல் கார் விபத்தில் ஆறுமுகம் இறந்துபோனார். பயிற்றுநர் ஒருவர் எல்லைக்கோட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தால் கே. ராஜகோபால் வருவார்: 2010 டிசம்பரில் இந்தோனேசியாவைத் தோற்கடித்து சுசுகி கிண்ணத்தை மலேசியா முதன்முதலாக வென்றது அவர் பயிற்சியில்தான். ஆனால் பந்து கிடைத்ததும் கதையைப் பாதியில் வெட்டிவிட வேண்டும். கதை சுவையாக இருக்கிறது என்று இழுப்பவனிடம் மைக்கைக் கொடுக்கக் கூடாது.

கோல் எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டே இருப்பது கேட்கச் சலிப்பாக இருக்கலாம். சிம்பாங் பூலாய் சாலையில் காய்கறி லாரி ஓட்டிப் போகிற ஓட்டுநரைக் கேளுங்கள். வளைவுக்கு வளைவு அலைத்தொடர்பு அறுந்து அறுந்து வரும். அவர் காதுக்கு எட்டும் அரை நிமிடத்தில் ஸ்கோர் இருக்க வேண்டும். அமெரிக்கப் பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர், முட்டை வேகவைக்கும் மூன்று நிமிட மணற்கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, மணல் இறங்கியதும் ஸ்கோர் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பாராம். மணலைக் கவனிக்க எனக்குப் பொறுமை இல்லை. ஒவ்வொரு த்ரோவுக்கும் ஒருமுறை சொல்லிவிடுவேன், அவ்வளவுதான்.

பெயர்களுக்குத்தான் அதிக உழைப்பு. இடைநிலைப்பள்ளி அணியில் தமிழ், சீன, மலாய்ப் பிள்ளைகளும் செமாய் பூர்வகுடிப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடுவார்கள். ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவரையும் அவரவர் வாயாலேயே பெயர் சொல்லச் சொல்லி, நான் கேட்டபடியே தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வேன். நண்பர்கள் வைத்த பட்டப்பெயரையும் விசாரிப்பேன்; ஆனால் பையன் சரி என்றால்தான் அது மைக்கில் வரும்.

கோல் போட்டவனின் பெயரை மூன்று முறை சொல்வேன். சொந்தக் கோலுக்குள் தட்டிவிட்டவனின் பெயரை ஒருமுறைகூடச் சொல்வதில்லை. “தற்காப்பு ஆட்டக்காரரின் காலில் பட்டு உள்ளே” என்றால் போதும், ஸ்கோர் சரியாகிவிடும். இது செய்தியை மறைப்பது என்று ஒரு நண்பர் வாதிட்டார். சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர் என்றால் அவர் சொல்வது சரி. இவன் நான்காம் படிவம் படிக்கிறவன், திங்கட்கிழமை பள்ளிப் பேருந்தில் ஏற வேண்டியவன்.

தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லும் ஆசைதான் இந்த வேலையில் மோசமானது. பனிக்குள் எங்கோ சத்தம் எழும், விசில் ஊதும். உடனே “கோல்!” என்று கத்த நாக்கு துடிக்கும். கோல் விழுந்தாலும் அதே சத்தம், பெனால்டி கேட்டாலும் அதே சத்தம். அதனால் “தேயிலைக் கோல் பக்கம் விசில், என்னவென்று இங்கிருந்து தெரியவில்லை” என்று உள்ளதைச் சொல்லிவிடுவேன். அந்தக் கோலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பொடியனை நிறுத்தி வைத்திருப்பேன். அவன் ஓடி வந்து, “அண்ணே, கோல் இல்ல, ஆஃப்சைட்” என்று மூச்சிரைக்கச் சொல்வது மைக்கிலேயே கேட்கும். நேரலை கேட்கிறவர்கள் சிலர் இப்போது என்னை விட்டுவிட்டு அவனைத்தான் விசாரிக்கிறார்கள்.