பழைய துப்பாக்கியும் புதிய துப்பாக்கியும்

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்பது நம் முன்னோர் வாய்மொழி. கையிலே வல்லமை உளதாயின் கருவி எத்தகையதாயினும் தாழ்வில்லை என்பது அதன் கருத்து. ஆயினும், ஒரு கருவியைப் பழையதென்று தள்ளுதற்கும் பிறிதொன்றைப் புதியதென்று கொள்ளுதற்கும் முன்னர், இரண்டையும் அருகருகே வைத்துச் சீர்தூக்கிப் பார்ப்பவர் நம்மிற் சிலரே. யான் பிறந்த ஆரணி நகரில் இச்சீர்தூக்கல் தறிக்குழிதோறும் நாடோறும் நிகழ்வதொன்று. சென்ற ஆண்டில் அதனைத் தறிக்குப் புறம்பே, துப்பாக்கி சுடும் திடலொன்றிற் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. பட்டு நெய்வார் குடியிற் பிறந்த ஒருவன் வெடிமருந்தைப்பற்றி எழுதப் புகுவது விந்தையென எண்ணும் அன்பர்கள் சற்றே பொறுத்துப் படிப்பாராக.

ஈண்டு யான் கூறும் துப்பாக்கி, குழலின் வாய்வழியே மருந்தையும், அதன்மேல் தக்கையையும், அதன்மேல் குண்டையும் இட்டு, நீண்ட கோலால் இடித்துச் சுடும் இனத்தது. நம் ஊர்ப்புறத்தார் இதனை நாட்டுத் துப்பாக்கி என்பர். ஆரணிக்கு இது புதிய விருந்தன்று. 1751-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு முற்றுகை நீங்கியபின் கிளைவின் படையும் ராஜா சாகிபின் படையும் பொருத களம் ஆரணி. பின்னர் 1782-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் சர் அயர் கூட்டும் ஹைதர் அலியும் எதிர்நின்றதும் இவ்வூர்ப் புறத்தேதான். ஹைதர் தம் படைக்குரிய பண்டங்களை ஆரணிக் கோட்டையிற் சேமித்து வைத்திருந்தமையே கூட்டு இவ்வழி வரக் காரணமாயிற்று. அக்காலத்துப் படைகளில் திரியாற் பற்றவைக்கும் பழைய துப்பாக்கியும், சிக்கிமுக்கிக் கல்லாற் பொறி எழுப்பும் புதிய துப்பாக்கியும் ஒருங்கே வழங்கின. ஆதலின், பழையதா புதியதா என்னும் வழக்கு எங்கள் ஊரில் இருநூறு ஆண்டுகட்கு முன்னரே குண்டுகளால் வாதிக்கப்பட்டதென்னலாம்.

இவ்வினத் துப்பாக்கி அடைந்த சீர்திருத்தங்களை இரண்டு தலைப்பிலே அடக்கிவிடலாம். ஒன்று தீ மூட்டும் வகை. மற்றொன்று குண்டு குழலைப் பற்றும் வகை. முதற்கண் தீயைக் கருதுவோம். திரித்துப்பாக்கியில் எரியும் கயிற்றை எந்நேரமும் அணையாமற் காத்தல் வேண்டும். மழை வந்தால் வீரம் நனைந்துவிடும். சிக்கிமுக்கிக் கல் வந்தபின் கயிறு ஒழிந்தது. ஆயினும் கிண்ணியிலுள்ள மருந்து முதலிற் பளிச்சிட்டுப் பின்னரே குழலினுள் வெடிக்கும். ஸ்காட்லாந்து நாட்டுப் போதகராகிய அலெக்சாந்தர் ஃபோர்சைத் என்பார் நீர்ப்பறவை வேட்டையில் விருப்பமுடையவர். அவ்வொளியைக் கண்ட பறவைகள் குண்டு வருமுன் தப்பிப் போவதைப் பார்த்து, தட்டினாலே வெடிக்கும் இரசாயனப் பொருளைக் கொண்டு தீ மூட்டும் முறையை அமைத்து, 1807-இல் அதற்கு உரிமை பெற்றார். நம் ஊரார் 'கேப்பு' என வழங்கும் சிறு செப்புத்தொப்பி அம்முறையின் வழித்தோன்றல். 1834-இல் இங்கிலாந்தின் வூலிச்சில் இரண்டு வகையையும் ஆறாயிரம் முறை சுட்டுச் சோதித்தபோது, கல்துப்பாக்கி ஏறத்தாழ ஆறரை முறைக்கு ஒருமுறை பொய்த்தது. கேப்புத் துப்பாக்கியோ ஏறத்தாழ 166 முறைக்கு ஒருமுறையே பொய்த்தது.

இனிக் குண்டைக் கருதுவோம். 'பிரௌன் பெஸ்' எனப்பட்ட ஆங்கிலப் படைத்துப்பாக்கியின் குழல் முக்கால் அங்குல விட்டமுடையது. குண்டு அதனினும் சிறிது. ஆகவே விரைவில் உள்ளே இறங்கும். ஆனால் குழலினுள் அங்குமிங்கும் மோதி, எப்பக்கம் போவதெனத் தானே துணியாது வெளிவரும். குழலின் உட்புறத்தே சுற்றுவரி வெட்டினால் குண்டு சுழன்று நேரே செல்லுமென்பது நெடுங்காலமாக அறிந்ததே. ஆயினும் இறுகப் பொருந்தும் குண்டை வாய்வழியே இறக்குதல் பெரும்பாடாயிருந்தது. 1849-இல் பிரெஞ்சு வீரர் மினியே என்பார், எளிதில் இறங்கி, வெடித்தவுடன் அடிப்புறம் விரிந்து வரியைப் பற்றும் குண்டை அமைத்தார். 1853-ஆம் ஆண்டின் என்பீல்டு துப்பாக்கி அவ்வழிப்பட்டது. அதன் தோட்டாவிற் பூசிய கொழுப்பைப்பற்றி எழுந்த ஐயம் 1857-இல் எத்தகைய தீயை மூட்டிற்றென்பதை யாவரும் அறிவர்.

நிற்க. என் அம்மானுக்குப் படவேட்டின் அருகே, சவ்வாது மலையடிவாரத்திற் சிறிது வேர்க்கடலை நிலம் உண்டு. அவர் தந்தையார் பயிர்க்காவலுக்கென உரிமம் பெற்று வைத்திருந்த ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி, உரிய முறைப்படி அவர் பெயருக்கு மாறியது. பயிரைக் காத்தற்பொருட்டு இவ்வகைத் துப்பாக்கிக்கு உரிமம் வழங்குவதை 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே பெயர் சுட்டிக் கூறுகின்றது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் உரிய அனுமதியின்றிக் காட்டுப் பன்றியைச் சுடுதற்கு இடமில்லை. ஆதலின் அத்துப்பாக்கி குண்டின்றி வெறும் மருந்தால் ஓசையெழுப்பிப் பன்றிகளை வெருட்டி வந்தது. உரிமத்தைப் புதுப்பிக்கும் காலம் நெருங்கியது. புதுப்பிப்பதா, துப்பாக்கியை ஒப்படைத்துவிடுவதா என அவர் தடுமாறினார். அவர் நண்பர், அயலூரில் வாழும் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், அண்மையிற் செய்யப்பட்ட அதே இனத் துப்பாக்கி யொன்றை வைத்திருந்தார். இரண்டையும் ஒருநாள் சுட்டுப்பார்த்து முடிவு செய்வோமென இருவரும் இசைந்து, அதிகாரிகளின் அனுமதியை முன்னரே எழுத்திற் பெற்றுத் திடலுக்குச் சென்றனர். அவரவர் துப்பாக்கியை அவரவரே சுட்டனர். கடிகாரமும் குறிப்பேடும் கொண்டு கணக்கெழுதும் வேலை எனக்கு வாய்த்தது.

ஒருமுழ விட்டமுள்ள வட்டம் எழுதிய பலகையை முதலில் 25 மீட்டரிலும் பின்னர் 50 மீட்டரிலும் நிறுத்தினோம். மணல்மூட்டையின்மேல் துப்பாக்கியைத் தாங்கி, தூரம் ஒன்றுக்குப் பத்து வெடியாக இருவரும் சுட்டனர். 25 மீட்டரில் பழையது ஏழு குண்டுகளையும் புதியது எட்டுக் குண்டுகளையும் வட்டத்துள் இட்டன. 50 மீட்டரில் பழையதற்கு இரண்டும் புதியதற்கு நான்கும் கிடைத்தன. இரண்டும் வரியில்லாக் குழல்களே யாதலின், தூரம் மிக இரண்டும் தளர்ந்தன. மேலும், ஒருவர் உழவர், மற்றவர் படைவீரர். கண்ணின் வேற்றுமையைக் கருவியின்மேல் ஏற்றுதல் நியாயமன்று. ஆதலின் இக்கணக்கைக் கொண்டு யான் ஒன்றும் துணியேன்.

யான் துணிந்தது வேறொரு கணக்கால். இருபது வெடிக்கு ஹவில்தாரின் கேப்புகளில் ஒன்றே பொய்த்தது. அம்மானுடையவற்றில் ஆறு பொய்த்தன. குதிரை விழும், 'டிக்' என்னும் ஓசை எழும், பிறகு மௌனம். குழலை இலக்கினின்றும் திருப்பாமற் சற்றுநேரம் காத்திருந்து, மறுமுறை குதிரையை ஏற்றவேண்டும். ஹவில்தார் அருகே வந்து நோக்கிக் காரணம் கூறினார். கேப்பு அமரும் சிறு இரும்புக்காம்பு, பல்லாண்டு அடிபட்டும் துருவேறியும் தேய்ந்திருந்தது. இக்காலத்துக் கேப்பு அதன்மேல் இறுக அமராது தளர்ந்து நின்றது. குதிரையின் முதலடி கேப்பைக் கீழே அமர்த்துவதிலேயே செலவாகி, இரண்டாம் அடியே அதனை வெடிக்கச் செய்தது.

"குழல் இன்னும் நன்றாயிருக்கிறது, அண்ணா. காம்பு ஒன்றை மாற்றினால் இதுவும் என்னுடையதும் ஒன்றுதான்" என்றார் அவர்.

அம்மான் என்னை நோக்கி, "மருமகனே, பன்றிக்குக் குறி வேண்டா, ஓசைதான் வேண்டும். நடுநிசியில் இரண்டாம் தட்டுக்கு வாய்திறக்கும் துப்பாக்கி யாருக்கு என்ன காவல் செய்யும்?" என்றார்.

அச்சொல் என் சிந்தையைத் தூண்டிற்று. கருவியை அதன் வேலையைக்கொண்டே அளத்தல் வேண்டும். இன்று அனைத்துலக வாய்மருந்துத் துப்பாக்கிப் போட்டிகளில் முப்பது நிமிடத்திற் பதின்மூன்று குண்டு சுட்டு, அவற்றுட் சிறந்த பத்தைக் கணக்கிடுகின்றனர். பழங்காலத்து மூலத் துப்பாக்கிக்கும், அதனைப்போற் புதிதாய்ச் செய்ததற்கும் தனித்தனி வகுப்பு வைத்துள்ளனர். 1543-இல் போர்த்துகீசியர் வழியே திரித்துப்பாக்கி வந்திறங்கிய ஜப்பானியத் தீவாகிய தனேகாசிமாவின் பெயரால் அத்துப்பாக்கிக்கும் ஒரு போட்டி உண்டு. அமெரிக்காவிலோ, 1985-இல் டோனி நைட் என்பார், மருந்துக்கு நேர்பின்னே தீமூட்டும் புதுவகையைப் பரப்பினார். அங்கெல்லாம் குறியே அளவுகோல். படவேட்டு வேர்க்கடலைக் கொல்லைக்கோ முதலடிக்கே எழும் ஓசை அளவுகோல். அவ்வளவுகோலால் அளந்தபோது, பழையதற்கும் புதியதற்கும் உள்ள தூரம் ஒரு நெல்லளவுக் காம்பே.

அந்தக் காம்பு எங்கே கிடைக்கும்? இதுவே வினா. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் துப்பாக்கியைக் கொண்டு சென்றோம். பழைய மரையின் அளவு இக்காலத்துக் காம்புகளுக்குப் பொருந்தவில்லை யென்றும், தனியே கடைந்தால் ஆகும் செலவு துப்பாக்கியின் விலையை எட்டுமென்றும் அவர் கூறினார். ஊர்க்கொல்லர் கைதேர்ந்தவரே, ஆயினும் உரிமமின்றித் துப்பாக்கியைத் தொடுதல் குற்றமாதலின் அவரை நாட வழியில்லை.

ஈண்டு ஓர் உண்மை புலனாயிற்று. திரித்துப்பாக்கிக் காலத்தில் திரி ஊரிலே முறுக்கியது. கரி ஊரிலே சுட்டது. வெடியுப்பு உவர்மண்ணிற் காய்ச்சியது. கந்தகம் மட்டுமே வணிகர் கொணர்ந்தது. கேப்பு வந்தபின் தீயே ஆலையிலிருந்து வருவதாயிற்று. ஒவ்வொரு சீர்திருத்தமும் பொய்த்தலைக் குறைத்தது. உடனே, நாமே செய்துகொள்ள இயலாத பொருளொன்றைக் கட்டாயமாக்கிற்று. அப்பொருள் கிடைக்கும்வரை நாம் வல்லவர். அது நின்றால், நல்ல குழலும் நெல்லளவு இரும்பின்றி வாயடைத்து நிற்கும்.

இதனால் பழையதே சிறந்ததென்று யான் சாதிக்கவில்லை. உரிமமின்றித் தண்ணீர்க் குழாயை அறுத்துச் செய்யும் கள்ளத் துப்பாக்கிகள் வெடித்துக் கைவிரல்களைக் கொண்டுபோவதைக் காட்டோர ஊரார் அறிவர். ஹவில்தாரின் துப்பாக்கிக் குழலிற் பொறித்திருந்த சோதனை முத்திரை, மிகுமருந்திட்டு வெடித்துப் பார்த்துத் தேறியது என்பதற்குச் சான்று. அம்முத்திரைக்காக ஆலைக்கு அடிமையாயினும் தகும். ஊரிலே செய்தது என்பதனாலேயே ஒரு பொருள் நன்றாகிவிடாது.

தறியிலும் இக்கதையே நிகழ்கின்றது. எங்கள் வீட்டுக் குழித்தறிக்கு மரவேலையைத் தச்சர் செய்வார். விழுது வீட்டிலே கட்டுவோம். பிரான்சில் 1804-இல் தோன்றிய ஜக்கார்டுப் பெட்டி தறியின்மேல் ஏறியபின், கரைப்பூ விரைவில் விழுகின்றது. இன்னொருவர் அருகிலிருந்து நூல் தூக்கும் பாடு நீங்கியது. பெட்டி பழுதானாலோ, அதனைச் செப்பஞ்செய்பவர் வருமட்டும் பாவு காத்திருக்கும், கூலியும் காத்திருக்கும். ஆயினும் நாங்கள் பெட்டியைக் கழற்றவில்லை. என்னை? செப்பஞ்செய்பவர் இரண்டு தெரு தள்ளி வாழ்கின்றார். ஜரிகை சூரத்திலிருந்து வரினும், பெட்டியின் மருத்துவர் ஊருக்குள் உள்ளார். பிறர் கையை முற்றும் நாடாத கருவி உலகிலில்லை. அக்கை எட்டும் தூரத்திலுள்ளதா என்பதே நாம் காணவேண்டுவது.

அம்மான் துப்பாக்கியை முறைப்படி ஒப்படைத்துச் சீட்டுப் பெற்றுக்கொண்டார். சுடவியலாத பழம்பொருளாயின் வீட்டிலே வைத்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகின்றதென்றும், குழலை அடைத்து நினைவுப்பொருளாக்கலாமென்றும் சிலர் கூறினர். "ஊமையாக்கி வைத்துப் பார்ப்பதற்கு அப்பா அதனை வாங்கவில்லை" என்று அவர் மறுத்துவிட்டார். ஆயுத பூஜையன்று அது சாத்தியிருந்த மூலை அவ்வாண்டு வெறுமையாயிருந்தது. என் அத்தை அவ்விடத்தில் மண்வெட்டியை வைத்துப் பொட்டிட்டார்.

பன்றிகள் ஓய்வெடுத்துக்கொள்ளவில்லை யாதலின், இப்பொழுது அந்நிலத்தைச் சூரிய ஒளியால் இயங்கும் மின்வேலி காக்கின்றது. அதனை விலைபேசச் சென்றபோது யானும் உடனிருந்தேன். விற்பவர் அதன் ஆற்றலையும் அழகையும் விரித்துரைத்தார். அம்மான் விலையைக் கேட்கவில்லை, "இது கெட்டுப்போனால் யார் வருவார்? எத்தனை நாழிகையில் வருவார்?" என்று கேட்டார். சந்தவாசலில் ஓர் இளைஞர் இத்தொழில் பயின்று கடை வைத்திருக்கின்றார் என்ற மறுமொழி வந்தபின்னரே விலையைப்பற்றிய பேச்சு எழுந்தது.

மாணவ நண்பர்காள்! நம்மிற் பலர் பொறிகளை ஆக்கவும் விற்கவும் வாங்கவும் போகின்றோம். வேலையைச் செய்யுமா, கையைக் கெடுக்காதா என்னும் இரண்டு வினாக்களை யாவரும் கேட்பர். என் அம்மான் கேட்ட மூன்றாவதையும் உடன்சேர்த்துக் கேட்போமாக. அதற்கு விடையாகும் சந்தவாசல் இளைஞரைப் போன்றவர் ஊர்தோறும் ஒருவர் உண்டாவாராயின், புதிய கருவிகளைக்கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.